வேலை முடியாத வீடு

உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற சாலையில், கடலைப் பார்த்துத் திரும்புகிற இடத்தில் லூர்துக்குடியிருப்பு என்று ஓர் ஊர். அந்த ஊரின் மேலத்தெருவில் வேலை முடிந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளே போனால் தரையில் முகம் தெரியும். அடுப்பங்கரையில் கருப்புக் கல் பதித்திருக்கும். மாடியில் ஏசி போட்ட அறை இருக்கும். வெளியே மட்டும் முன்சுவர் பூச்சில்லாமல் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மொட்டைமாடியின் நாலு மூலையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பஹ்ரைனிலும் சவுதியிலும் படகு வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய காசில் எழும்பிய வீடுகள். வேலை முடிந்தது என்று தெரிந்தால் ஊராட்சியிலிருந்து டேப்பு பிடித்து அளக்க வருவார்கள். அளந்தால் வீட்டு வரி ஏறும். அதனால் யாருக்கும் வேலை முடியாது.

அளக்க ஆள் வருகிறது என்று சேதி வந்துவிட்டால் அந்தத் தெருவைப் பார்க்க வேண்டுமே! தெருவுக்கே பொதுவாக ஒரு செங்கல் குவியலும் கொஞ்சம் மணலும் உண்டு. எந்த வீட்டுக்கு ஆள் வருகிறதோ அந்த வீட்டு வாசலுக்கு அது கூடை கூடையாக இடம் மாறும். ஒருவர் மண்வெட்டியைச் சாத்தி வைப்பார். இன்னொருவர் சிமெண்டுச் சாக்கை விரித்துப் போடுவார். கல்யாண வேலை மாதிரி எல்லாரும் கூடிச் செய்வார்கள்.

ஜோதிமேரி இந்தக் காரியத்தில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனவள். அவள் தன் வீட்டை மந்திரிக்கவே விடவில்லை. புது வீடு என்றால் பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்; அதை முந்தின ஞாயிறே கோயில் மைக்கில் சொல்லிவிடுவார்கள். மைக்கில் சொன்னது ஊராட்சி அலுவலகத்துக்கும் கேட்கும். ஆகவே ஈஸ்டர் முடிந்து வீடு வீடாக வருகிற சாமியாரை ஐந்து வருஷமாக வாசலிலேயே நிறுத்தி, "இன்னும் வேலை முடியல ஃபாதர்" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவர் அவள் தலைக்கு மேலாகத் தெரிந்த மின்விசிறியைப் பார்ப்பார். "ஆகட்டும்மா" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பஹ்ரைனிலிருந்து மகன் ஜெபஸ்டின் போனில் கேட்பான்: "ஏம்மா, இன்னுமா மந்திரிக்கல? நான் அனுப்புன காசு பத்தலையா?"

"பத்துச்சுய்யா. அதுக்கென்ன அவசரம்?"

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் உலை வைக்கிறவள் அவள்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு ஊர் வரி போட்டால் முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வீட்டு வரியும் பாக்கி வைத்ததில்லை. இடித்து ஆறு வருஷமாகிவிட்ட பழைய ஓட்டு வீட்டுக்கான வரியை, ஒரு கிலோ நண்டு வாங்கக் காணாத அந்தத் தொகையை, வருஷம் தவறாமல் கட்டி ரசீது வாங்கி பைபிளுக்குள் வைத்திருந்தாள். ஊராட்சிப் புத்தகத்தில் அது இன்னும் ஓட்டு வீடுதான். யாரையோ ஏமாற்றுகிறோம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கவர்மெண்டுக்கு இல்லாத காசா என்று இருந்தாள்.

இந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் மேலத்தெருவில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை.

தண்ணீர்த் தொட்டி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நாலு தூணில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் மலையாண்டி. வயது நாற்பதுக்குள் இருக்கும். கடற்கரைக்காரன் இல்லை, உள்ளே வேப்பங்குளத்துக்காரன். ஒரு பழைய மொபெட்டில் விடியக்காலம் வந்து மோட்டார் போட்டு, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிட்டுப் போவான். மாசத்துக்கு இரண்டு தடவை தொட்டிக்குள் இறங்கி ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவான். ஊராட்சி கொடுக்கிற சொற்பச் சம்பளம். அதிலும் இரண்டு மாசம் பாக்கி.

மூன்றாம் நாள் காலை, காலிக் குடங்களோடு பெண்கள் தொட்டிக்கடியில் கூடிவிட்டார்கள். ஜோதிமேரியின் எதிர்வீட்டுச் சவேரியம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"ஏலே மலையாண்டி, மோட்டாரைப் போட்டுட்டுத் தூங்கிப் போறியா? கொழாய்ல காத்துத்தான்லே வருது."

"மோட்டார் ஓடுதுக்கா. தொட்டிக்குள்ள மேலத்தெருவுக்குத் தண்ணி எறங்குற எடத்துல என்னமோ அடைச்சிருக்கு. மேல ஏறித்தான் எடுக்கணும்" என்றான் மலையாண்டி. "ஏணிப்படி நாலஞ்சு துருப்பிடிச்சு இத்துப் போச்சு. அதை மாத்துற வரைக்கும் ஏறக் கூடாதுன்னு சுகந்தி மேடம் எழுதியே குடுத்துருக்காக."

சுகந்தி என்பது ஊராட்சிச் செயலர்.

"எப்ப மாத்துவாகளாம்?"

"பணம் வந்ததும்னாக."

ஜோதிமேரி குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள். வீட்டில் நாலு குழாய் இருந்தும் இரண்டு நாளாகக் குளிக்காத எரிச்சல் அவளுக்கு.

"பணம் வந்ததுமா? அப்ப நாங்க கட்டுற வரியெல்லாம் எங்கன போகுது? நீ திங்கிற சோறே எங்க வரியில வாரதுதானலே. எங்க வரியில சோத்தைத் தின்னுட்டு, ஏற மாட்டேன்ங்கிற. வெக்கமா இல்ல?"

"நல்லாக் கேளு மேரி!" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

மலையாண்டி அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். இரண்டு ஆள் உயரம் போயிருப்பான். கால் வைத்த ஏணிப்படி சத்தமே இல்லாமல் கழன்று வந்துவிட்டது. கீழே சிமெண்டுத் தளம். விழுந்த சத்தம் கேட்டது; அதற்கப்புறம் அவன் சத்தம் போடாமல் கிடந்தான்.

நூற்றெட்டு வண்டி வந்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. தொடை எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்தார்கள். ஆறு மாசம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள்.

மூன்றாம் நாள் ஜோதிமேரி டிபன் கேரியரில் சோறும் விளமீன் குழம்பும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் போன நேரம் சுகந்தியும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். "ஏறாதீங்கன்னு சொன்னேன்ல அண்ணே, ஏன் ஏறுனீங்க? யாரும் ஏறச் சொன்னாகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மலையாண்டி வாசல்பக்கம் நின்ற ஜோதிமேரியைப் பார்த்தான்.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தேன் ஏறுனேன். காலு வழுக்கிருச்சு."

அந்த நிமிஷத்தில் ஜோதிமேரிக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி வந்தது. மீன் குழம்பை அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி கையில் கொடுத்துவிட்டு, "நல்லாச் சாப்பிடச் சொல்லும்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அந்த நிம்மதியைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவளுக்குச் சொந்த உடம்பே கூசியது.

இருபத்திரண்டாம் தேதி, தண்ணீர் தினத்துக்கான கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். மாரிச்செல்வியும் வேப்பங்குளத்திலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள். வாடகை நாற்காலிகள் இருந்தும் அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

சவேரியம்மாள் எழுந்தாள். "ஒரு ஏணிக்குப் படி மாத்தத் துப்பில்லாம ஒரு மனுசனை முடமாக்கிட்டீங்களே. நாங்க கட்டுற வரியில என்னதான் செய்றீங்க?" பெண்கள் கை தட்டினார்கள்.

சுகந்தி மைக்கை வாங்கினாள். அவளும் உச்சிப்புளிக்காரிதான், சண்டைக்குப் பயந்தவள் இல்லை.

"கேட்டது நல்லதாப் போச்சு, சொல்றேன். பெரிய ரோடு, பாலம்னா மேல இருந்து பணம் வரும். தெருவிளக்குக்குப் பல்பு, மோட்டார் பொகைஞ்சா காயில் கட்டுறது, ஒடைஞ்ச கொழாயை ஒட்டுறது, ப்ளீச்சிங் பவுடரு, மலையாண்டி அண்ணன் சம்பளம், இந்தா இந்த மைக்கு வாடகை, இதெல்லாம் ஒங்க வீட்டு வரியிலதான். ஏணிப்படிக்கு டெல்லியில இருந்தா பணம் வரும்? மேலத்தெருவுல எழுபத்திரெண்டு வீடு. என் புத்தகத்துல எழுபத்திரெண்டும் ஓட்டு வீடு. நானும் ஆறு வருசமா அந்தத் தெருவுல நடக்கேன், ஒரு ஓடாவது கண்ணுல படுமான்னு பாக்கேன். அளக்க வந்தா வேலை முடியலங்கிறீங்க, இல்லாட்டி கேட்டைப் பூட்டிட்டுப் போயிர்றீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆண்கள் ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஜோதிமேரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்பக்கம் திரும்பியவள் கண்ணில் மாரிச்செல்வி பட்டாள். அவள் சிரிக்கவில்லை. யாரையும் முறைக்கவும் இல்லை. இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்காத வெளியூர்க்காரி பார்ப்பது போல முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோதிமேரியின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது.

சத்தம் அடங்கியதும் மாரிச்செல்வி எழுந்தாள். "வேலையில அடிபட்டதுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுங்கம்மா. ரெண்டு புள்ளைக. ஆறு மாசம் நான் கருவேலம் வெட்டப் போயி கஞ்சி ஊத்த முடியாது."

சுகந்தியின் குரல் தணிந்தது. "நானும் மேல எழுதணும்னுதான் இருக்கேன். ஏறக் கூடாதுன்னு எழுத்துல குடுத்திருக்கு, அவரும் நானாத்தேன் ஏறுனேன்னு சொல்லிட்டாரு. அப்படியே எழுதுனா ஒண்ணும் கிடைக்காதும்மா, வேலையும் போயிரும். அன்னைக்கு அங்கன நின்னவங்க யாராச்சும் இருக்கீங்களா? என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

அன்றைக்கு அங்கே இருபது பேர் நின்றார்கள். அந்த இருபது பேரும் சாமியானாவுக்குள் இருந்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். சவேரியம்மாள் வானத்தைப் பார்த்தாள். ஜோதிமேரி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து தேசிய கீதம் பாட எல்லாரும் எழுந்தபோதுதான் அவளும் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் எட்வர்டிடம் சொன்னாள். அவர் வள்ளத்து இஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன் ஒனக்கு மட்டும் குத்துது? நம்ம மட்டுமா? தெருவே அப்படித்தான இருக்கு" என்றார்.

"தெருவா அவனை ஏறச் சொன்னுச்சு? நான்ல சொன்னேன்."

அவர் குனிந்து இஞ்சினைத் துடைத்தார்.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே ஜோதிமேரி படியில் போய் நின்றாள். "என் வீட்டை அளந்துக்கங்க" என்றாள்.

சுகந்தி சந்தேகமாகப் பார்த்தாள். "என்னக்கா, பேங்க்ல லோன் எதுவும் போடப் போறீங்களா?"

"இல்ல. வேலை முடிஞ்சிருச்சு."

"எப்ப முடிஞ்சது?"

"அஞ்சு வருசம் முன்ன."

சுகந்தி டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். கீழே அளந்தாள், மாடியில் அளந்தாள். தெரு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சவேரியம்மாள் மட்டும் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"டேப்பைத் தெருவுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டியே, புண்ணியவதி! நாளைக்கு எங்க வீட்டுக்கு வரும், அடுத்த நாளு எல்லா வீட்டுக்கும் வரும். ஒரு படி சறுக்குனதுக்கு ஊரையே காட்டிக் குடுத்துட்ட."

ஜோதிமேரி திருப்பிப் பேசாத நாள் அந்தத் தெருவில் அதுதான் முதல் நாள்.

புது வரியைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது, "பழைய அஞ்சு வருசத்துக்கும் சேத்து வாங்கிக்கங்க" என்று பையைத் திறந்தாள்.

"அதெல்லாம் ஓட்டு வீடுன்னு ரசீது போட்டாச்சுக்கா. இந்த அரையாண்டுல இருந்துதான் நான் போட முடியும்."

"அப்ப அந்த அஞ்சு வருசம்?"

"அது அப்படியே இருக்க வேண்டியதுதான்."

கட்டிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்த பாரம் இறங்கவில்லை. ஐந்து வருஷத்துக் காசை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அன்று மத்தியானமே வேப்பங்குளத்துக்கு பஸ் ஏறினாள்.

மலையாண்டியின் வீடு ஒற்றை அறை. முன்னால் தகரச் சாய்ப்பு. அதற்கடியில் நைலான் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். அவளைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். "வாங்கக்கா. இம்புட்டு வெயில்ல எதுக்கு வந்தீக?"

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். ஓட்டு வீட்டைச் சொன்னாள், செங்கல் குவியலைச் சொன்னாள், சாமியாரை வாசலில் நிறுத்தியதைச் சொன்னாள். எங்கள் வரியில் சோறு தின்கிறாய் என்று கேட்ட நாக்கு, அந்த வரியையே ஒழுங்காகக் கட்டாத நாக்கு என்று சொன்னாள்.

மலையாண்டி சங்கடமாகச் சிரித்தான். "தெரியும்க்கா."

"எது தெரியும்?"

"தொட்டி மேல நின்னா மேலத்தெரு பூரா உள்ளங்கை மாதிரித் தெரியும்ல. ஒங்க மாடியில பச்சை டைல்ஸு. சவேரியம்மாக்கா வீட்டு மாடியில ஊஞ்சல் கெடக்கு. கழுவ ஏறும்போதெல்லாம் பாப்பேன்."

ஜோதிமேரிக்குக் காது இரண்டும் சுட்டன. "பெறகு ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லல? அன்னைக்கு நான் அப்படிக் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிக்கா சொல்றது? அம்புட்டுப் பேர் நிக்கீக." அவன் கட்டில் கயிற்றை நகத்தால் நெருடினான். "எனக்குத்தேன் கூச்சமா இருக்கும். மேல நிக்கும்போது யாராச்சும் மாடிக்கு வந்துட்டா, பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிருவேன்."

ஐந்து வருஷமாகத் தன் பொய்யை ஒருவன் பார்த்து, அவளுக்காக அவன் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

கவரை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அதுவரை உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாரிச்செல்வி வெளியே வந்து, கவரை எடுத்து அவள் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"இதை வாங்குனா, அதோட முடிஞ்சு போச்சுன்னு நீங்க போயிருவீக. எங்களுக்கு முடியலையே."

"ஏ, என்ன பேசுற" என்று மலையாண்டி அதட்டினான்.

"நீங்க சும்மா இருங்க. நானாத்தேன் ஏறுனேன்னு சொல்லிட்டுப் படுத்துக் கெடக்கீக." அவள் மகளுடைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினாள். "நடந்ததை எழுதிக் குடுங்க. அது போதும்."

ஜோதிமேரி எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து; கோடு விட்டுக் கோடு ஏறியது. தண்ணீர் வராததால் நாங்கள் போய்க் கேட்டோம், ஏறக் கூடாது என்று அவர் சொன்னார், நான் திட்டியதால் ஏறினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். மாரிச்செல்வி நிதானமாக வாசித்தாள்.

"என்ன சொல்லித் திட்டுனீக?"

"அதுவுமா வேணும்?"

"அதுலதான அவுக ஏறுனது. வெறும் திட்டுக்கெல்லாம் ஏற மாட்டாக."

கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. ஜோதிமேரி தன் வாயால் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். "சோறு" என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது, மறுபடி ஓடியது. "மத்தவங்க பேரையெல்லாம் எழுதீறாதீங்கக்கா" என்றான் மலையாண்டி. அவள் எழுதவில்லை. முடித்துவிட்டுத் திரும்பவும் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்கு அதைச் சுகந்தியிடம் கொடுத்தாள். சுகந்தி நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தாள்.

"இதை வச்சுத் தைரியமா மேல எழுதலாம்க்கா. வேலையும் போகாது" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "ஆனா மே ஒண்ணாம் தேதி கிராம சபையில இதை வாசிச்சு, தீர்மானத்துல ஏத்தணும். முழுசா வாசிக்கணும்."

"மைக்கிலயா?"

"மைக்குலதான்."

ஜோதிமேரி ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தாள். எந்த இடத்தில் உட்கார்ந்தால் யார் யார் முகம் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"அன்னைக்கு நான் வரணுமா?"

"நீங்கதான எழுதுனது. நான்தான் எழுதுனேன்னு எந்திரிச்சுச் சொல்லணும்."

சுகந்தி பேரேடுகளை அடுக்கி, பீரோவைப் பூட்டி, விளக்கை அணைக்கக் கை நீட்டியபோதுதான் ஜோதிமேரி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"வாரேன்" என்றாள்.